பரிசோதனைக்கு முன் பொட்டாசியம் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 41. மூன்று வருடமாக ரத்த அழுத்தம் இருக்கிறது. அம்லோடிபின், டெல்மிசார்டன் இரண்டும் சாப்பிடுகிறேன். அப்படியும் 150/95க்குக் கீழே இறங்குவதில்லை. கெண்டைக்கால் அடிக்கடி பிடித்துக்கொள்கிறது. இரவில் மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழுந்துவிடுகிறேன். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.1 என்று வந்தது. அட்ரீனல் சுரப்பியில் கோளாறு இருக்கலாம், அல்டோஸ்டிரோனும் ரெனினும் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ஆனால் அதற்கு முன் இரண்டு வாரம் பொட்டாசியம் சிரப் குடிக்கச் சொல்கிறார். உப்பையும் குறைக்க வேண்டாமாம். பொட்டாசியம் அந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் என்று படித்தேன். அப்படியானால் பரிசோதனை முடிவே தப்பாகிவிடாதா? இன்னொன்று: உப்பும் பொட்டாசியமும் கலந்த பானம் குடித்தால் ‘களைத்துப்போன அட்ரீனல்’ தேறிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: சகோதரி, நீங்கள் படித்தது சரிதான். பொட்டாசியம் ஏறினால் அல்டோஸ்டிரோனும் ஏறும். உங்கள் மருத்துவர் சிரப் எழுதிக்கொடுத்ததற்குக் காரணமும் அதுவேதான். எது பரிசோதனையைக் கெடுத்துவிடும் என்று பயப்படுகிறீர்களோ, அதை இப்போது செய்யாவிட்டால்தான் முடிவு தப்பாக வரும். ஏன் என்று புரிய வேண்டுமானால் அந்தச் சுரப்பிக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் ஓர் அட்ரீனல் சுரப்பி தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒன்றின் எடை நாலைந்து கிராம்தான். அதன் வெளி ஓரத்தில் மிக மெல்லிய ஓர் அடுக்கு இருக்கிறது. அல்டோஸ்டிரோன் தயாராவது அங்கே. அந்த அடுக்கில் உள்ள ஒரே ஒரு செல்லை எடுத்துக்கொள்வோம். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே ரத்தத்தில் வெறும் 4. செல்லின் சவ்வில் பலவகை அயனிகளுக்கு, அதாவது மின்சுமை கொண்ட துகள்களுக்கு, தனித்தனி வாசல்கள் உண்டு. இந்தச் செல் சும்மா இருக்கும்போது திறந்து கிடப்பவை பெரும்பாலும் பொட்டாசியம் வாசல்கள்தான். உள்ளே நெருக்கடி, வெளியே காலி. அதனால் பொட்டாசியம் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அது நேர்மின்சுமை கொண்ட அயனி என்பதால், அது போகப்போக உள்பக்கம் எதிர்மின்சுமை மிஞ்சும். அளந்து பார்த்தால் மைனஸ் 80 மில்லிவோல்ட் அளவில் நிற்கும்.

உடம்பில் எத்தனையோ செல்கள் இப்படித்தான் இருக்கின்றன. ஆனால் இந்த அடுக்கின் செல்கள் வெளியே உள்ள பொட்டாசியத்தை நம்பி வாழ்பவை. ரத்தத்தில் பொட்டாசியம் 4இலிருந்து 4.5 ஆனால் போதும், வெளியே கசியும் வேகம் குறைந்து, உள்ளே இருக்கும் எதிர்மின்னழுத்தம் ஏறக்குறைய மூன்று மில்லிவோல்ட் தளர்ந்துவிடும். மூன்று மில்லிவோல்ட் என்பது ஒன்றுமில்லாத அளவு என்று தோன்றும். ஆனால் பக்கத்திலேயே, மிகச் சிறிய மாற்றத்துக்கும் திறந்துகொள்ளும் கால்சியம் வாசல்கள் காத்திருக்கின்றன. செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்கு. வாசல் துளி திறந்தாலும் உள்ளே பாயும். உள்ளே வந்த கால்சியம், கொழுப்புச் சத்தான கொலஸ்டிராலை அல்டோஸ்டிரோனாக மாற்றும் வேலையை முடுக்கிவிடும். இந்த ஹார்மோனைச் செல் முன்கூட்டித் தயாரித்துச் சேமித்து வைப்பதில்லை. கேட்கும்போது செய்து அனுப்புகிறது.

அனுப்பிய அல்டோஸ்டிரோன் எங்கே போகிறது? சிறுநீரகத்துக்கு. அங்கே சோடியத்தைப் பிடித்து உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்ததும் சுரப்பியும் தானாக அடங்கும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: சுரப்பியைத் தட்டி எழுப்புவதும் பொட்டாசியம், அந்தச் சுரப்பி வெளியேற்றுவதும் பொட்டாசியம். எத்தனை வருடம் படித்தும் பார்த்தும் ஆகிவிட்டது, இந்த ஏற்பாடு இன்றும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. இதற்கு நடுவில் வேறு யாரும் தேவையில்லை என்பதற்கும் சான்று உண்டு. இரண்டு சிறுநீரகங்களையும் அகற்றிவிட்டு டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு, சிறுநீரகம் சுரந்து அல்டோஸ்டிரோனைத் தூண்டும் ரெனின் என்ற பொருள் வருவது ஏறக்குறைய நின்றுவிடும். அவர்களிடமும் பொட்டாசியம் ஏறினால் அல்டோஸ்டிரோன் ஏறும்.

இப்போது உங்கள் 3.1க்கு வருவோம். 4 இருக்க வேண்டிய இடத்தில் 3.1 என்றால், கணக்குப்படி அந்தச் செல்லின் மின்னழுத்தம் சுமார் ஏழு மில்லிவோல்ட் இன்னும் கீழே போயிருக்கும். கால்சியம் வாசல் இறுக மூடிக்கொள்ளும். நோயில்லாத ஒருவருக்குப் பொட்டாசியம் 3.1 இருந்தால் அல்டோஸ்டிரோன் நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். நோய் உள்ள சுரப்பியையும், அதாவது அல்டோஸ்டிரோனை அளவுக்கு மீறிச் சுரக்கும் சுரப்பியையும், இந்தக் குறைவு ஓரளவு அடக்கிவைக்கும். அப்படி அடங்கிக் கிடக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்தால் அல்டோஸ்டிரோன் ‘நார்மல்’ என்று வரும். அந்த நார்மல்தான் ஆபத்து.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் இதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். உங்கள் வயதையொட்டிய ஒரு பெண். அல்டோஸ்டிரோன் அறிக்கை இயல்பான எல்லைக்குள் வந்தது. “சுரப்பி நன்றாக இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் என் ஆசிரியர் அந்தக் கோப்பைப் புரட்டினார். அடுத்த பக்கத்தில் இருந்த பொட்டாசியம் எண்ணில் விரலை வைத்து, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். 2.8. இத்தனை குறைந்த பொட்டாசியத்தில் அல்டோஸ்டிரோன் தரையைத் தொட்டிருக்க வேண்டும். நடுவில் நிற்கிறது என்றாலே அது அதிகம். அவரைத் திரும்ப வரவழைத்து, பொட்டாசியத்தைச் சரிசெய்து மறுபடி எடுத்தபோது எண் மும்மடங்கானது. அன்றிலிருந்து, அதே நாளின் பொட்டாசியம் அளவு பக்கத்தில் இல்லாத அல்டோஸ்டிரோன் அறிக்கையை நான் படிப்பதே இல்லை.

ஆக, சிரப் குடித்து பொட்டாசியம் 4ஐ ஒட்டி வந்தபின் எடுக்கும் ரத்தம்தான் சுரப்பியின் உண்மை நிலையைச் சொல்லும். சிரப் நோயை உண்டாக்கிக் காட்டிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நல்ல சுரப்பிக்குப் பொட்டாசியத்தை 4க்குக் கொண்டுவந்தால் அது இயல்பான அளவில்தான் சுரக்கும்.

சரி, உப்பு எதற்குக் குறைக்கக் கூடாது? சோடியத்தின் செய்தி சுரப்பிக்குச் சுற்றுவழியாகப் போகிறது. உப்பைக் குறைத்தால் உடம்பில் நீரும் ரத்தத்தின் அளவும் சற்று குறையும். சிறுநீரகம் அதை உணர்ந்து ரெனினை விடும். ரெனினின் வேலையால் சில படிகளில் ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் உருவாகும். அது அட்ரீனலுக்கு வந்து என்ன செய்கிறது தெரியுமா? நான் மேலே சொன்ன அதே பொட்டாசியம் வாசல்களை மூடுகிறது. கசிவு நின்றால் மின்னழுத்தம் தளரும், கால்சியம் நுழையும், அல்டோஸ்டிரோன் கிளம்பும். செல்லுக்குள் சேமிப்பில் இருக்கும் கால்சியத்தையும் அது அவிழ்த்துவிடுகிறது. சோடியம் குறைந்தாலும் பொட்டாசியம் கூடினாலும் செய்தி வந்து சேருவது ஒரே வாசலுக்குத்தான்.

உங்களுக்குச் சந்தேகப்படும் நோயில் அல்டோஸ்டிரோன் கூடுதலாகவும் ரெனின் அடங்கியும் இருக்கும். சுரப்பி யார் சொல்லும் கேளாமல் தானே சுரந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இந்த ஜோடிதான் அடையாளம். இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது அதனால்தான். நீங்கள் உப்பைக் கடுமையாகக் குறைத்துவிட்டுப் போனால், அடங்கியிருக்க வேண்டிய ரெனின் தலைதூக்கி, அடையாளம் மறைந்துபோகும். ஒன்று கவனியுங்கள்: குறைக்க வேண்டாம் என்றால் கூட்ட வேண்டும் என்று அர்த்தமில்லை. அல்டோஸ்டிரோன் மிகுந்த உடம்பில் உப்பு கூடக்கூடச் சிறுநீரில் பொட்டாசியம் இன்னும் வேகமாகப் போகும். வழக்கம்போல் சாப்பிடுங்கள். ரத்தம் கொடுத்து முடிந்தபின் உப்பைக் குறைக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

உங்கள் மாத்திரைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்லோடிபினால் பெரிய குழப்பம் இல்லை. டெல்மிசார்டன் ரெனினை ஏற்றி, அல்டோஸ்டிரோனை இறக்கும். அதனால் நோய் இருந்தும் இல்லாதது போல் காட்டக்கூடும். ஆனால் இதையே வேறு மாதிரியும் பார்க்கலாம். டெல்மிசார்டன் பொதுவாகப் பொட்டாசியத்தைச் சற்று ஏற்றிவிடும் மருந்து. அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தும், நீர் பிரியும் மாத்திரை எதுவும் இல்லாமலும், உங்களுக்கு 3.1 என்பதுதான் என் சந்தேகத்தைக் கூட்டுகிறது. டெல்மிசார்டன் சாப்பிடும்போதே ரெனின் அடங்கிக் கிடந்தால் அது இன்னும் வலுவான சான்று. மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

கெண்டைக்கால் பிடிப்பும் இரவில் எழுவதும் இந்த நோயோடு பொருந்துகின்றன. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், பிடிக்கும். சிறுநீரகமும் நீரைச் சுண்டவைக்கும் திறனை இழக்கும். இந்த நோயை முதலில் அடையாளம் கண்டதும் இப்படிப்பட்ட ஒரு பெண்ணிடம்தான். 1954இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். ஏழு வருடமாகத் தசைத் தளர்ச்சியும் பிடிப்பும், கூடவே உயர் ரத்த அழுத்தம். கான் அதற்கு முன் போர்க்காலத்தில், வெப்பத்துக்கு உடம்பு பழகும்போது வியர்வையில் உப்பு எப்படிக் குறைகிறது என்று ஆராய்ந்தவர். அதனால் அந்தப் பெண்ணின் வியர்வையையும் பார்த்தார். சோடியம் வழக்கத்துக்கு மாறாகக் குறைவு. உப்பை யாரோ இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது புலப்பட்டது. அல்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டு அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சையில் அட்ரீனலில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்தபின் அவருடைய அயனிகள் சீராயின. இன்றும் இந்த நோய்க்குக் கான் நோய்த்தொகுப்பு என்று ஒரு பெயர் உண்டு.

அந்தக் கட்டி ஏன் அடங்காமல் சுரக்கிறது என்பதற்கு 2011இல் ஒரு தெளிவு கிடைத்தது. இப்படிப்பட்ட கட்டிகளில் கணிசமானவற்றில் ஒரு பொட்டாசியம் வாசலின் மரபணுவில் பிழை இருக்கிறது. பொட்டாசியத்தை மட்டும் விட வேண்டிய வாசல், சோடியத்தையும் உள்ளே விட்டுவிடுகிறது. சோடியம் நுழைந்தால் மின்னழுத்தம் தளரும். அப்புறம் நடப்பது உங்களுக்கே இப்போது தெரியும். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துகொண்டே போகும்போதும், அந்தச் செல் தன்னைச் சுற்றிப் பொட்டாசியம் மிகுந்து கிடப்பதாக ஏமாந்து சுரந்துகொண்டே இருக்கும். இந்தப் பிழை கட்டிக்குள் மட்டும் ஏற்படுவது. பெற்றோரிடமிருந்து வந்ததோ, பிள்ளைகளுக்குப் போவதோ அல்ல. குடும்பத்தில் அப்படி வரும் அரிய வகைகளும் இருக்கின்றன, ஆனால் அவை சிறு வயதிலேயே தெரியவரும்.

இனி அந்தப் பானம். குடிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

‘களைத்துப்போன அட்ரீனல்’ என்று ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. அதை ஆதரிப்பதாகச் சொல்லப்படும் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்த கட்டுரை ஒன்று 2016இல் வந்தது. அப்படியொரு நிலைக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. சோர்வு உண்மை, அதை நான் மறுக்கவில்லை. உங்களுக்கும் சோர்வு இருந்தால் அதற்குக் காரணம் 3.1 என்ற எண்ணிலேயே தெரிகிறது. வீடியோக்கள் பெரும்பாலும் பேசுவது கார்டிசாலைப் பற்றி. அது அட்ரீனலின் வேறொரு அடுக்கில் உண்டாவது. அதை நடத்துவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன். ஒரு குவளை உப்புநீர் குடித்து அந்த ஏற்பாட்டை மாற்ற முடியாது.

அட்ரீனல் சுரப்பியின் நடுப்பகுதியில் உருவாகும் ‘அட்ரீனலின்’ என்ற ஹார்மோனின் கதை இன்னும் வேறு. அங்கே ஹார்மோன் சிறு பொட்டலங்களாகத் தயாராகக் காத்திருக்கிறது. நரம்பு தூண்டியதும் கால்சியம் உள்ளே பாய்ந்து பொட்டலங்களைத் திறக்கும். 1961இல் டக்ளஸ், ரூபின் என்ற இரு ஆய்வாளர்கள் பூனையின் அட்ரீனலில் இதை நிரூபித்தார்கள். சுரப்பியின் வழியே ஓடும் திரவத்தில் கால்சியம் இல்லாவிட்டால், எவ்வளவு தூண்டினாலும் அட்ரீனலின் வரவில்லை. இதைக் கேட்டுக் கால்சியம் மாத்திரை வாங்கப் போக வேண்டாம். உடம்பு ரத்தத்தின் கால்சியத்தை மிக இறுக்கமான எல்லைக்குள் வைத்திருக்கிறது. மாத்திரையால் இந்தச் சுரப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

அட்ரீனல் உண்மையிலேயே செயலிழக்கும் நோய் ஒன்று உண்டு. 1855இல் தாமஸ் அடிசன் விவரித்தது. அதில் சோடியம் குறையும், பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், உப்பின் மேல் தணியாத ஆசை வரும். ஹார்மோன் மாத்திரைகள் வருவதற்கு முன் 1930களில் அந்த நோயாளிகளுக்கு உப்பு கொடுத்துத்தான் தாங்கிப் பிடித்தார்கள். உப்பு மருந்தாவது அங்கே. உங்களுக்கோ எல்லாம் நேர்மாறாக இருக்கிறது. அவர்களுக்கு உதவியது உங்கள் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சிரப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பொட்டாசியம் குறைவதைப் போலவே ஏறுவதும் இதயத்துக்கு ஆபத்து. டெல்மிசார்டனும் கூடச் சாப்பிடுவதால், சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடிகூட வேண்டாம். நிறையத் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். ஒரு வாரத்திலேயே பொட்டாசியத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, நெஞ்சு தாறுமாறாகத் துடித்தாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மெக்னீசியத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மெக்னீசியம் குறைந்திருந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்காது. எத்தனை பாட்டில் சிரப் குடித்தாலும் எண் ஏறாது. குழப்பத்துக்கு அது ஒரு காரணமாக இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

பரிசோதனை நாளன்று காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்தபடி இருந்து ரத்தம் கொடுங்கள். கையில் பட்டையை இறுகக் கட்டி, “கையை மூடி மூடித் திற” என்று சொல்வார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள். விரலை மடக்கி விரிக்கும்போது முன்கைத் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து, அறிக்கையில் எண் ஒரு மில்லிமோல் வரைகூடப் பொய்யாக ஏறிவிடும். உண்மையில் 3.2 இருக்கும், தாளில் 4.1 என்று வரும். சரியாகிவிட்டது என்று நம்பி அல்டோஸ்டிரோனைத் தப்பாகப் படித்துவிடுவோம். ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். ரெனினுக்கு எடுத்த குழாயை லேபுக்கு அனுப்புமுன் ஐஸில் வைக்கக் கூடாது என்பதையும் நினைவுபடுத்துங்கள். குளிரில் ரெனினின் முன்வடிவம் ரெனினாக மாறி, எண்ணைக் கூட்டிக் காட்டும்.

முடிவு சந்தேகத்தை உறுதிப்படுத்தினால் அடுத்து சில பரிசோதனைகள் இருக்கும்: சலைன் ஏற்றிப் பார்ப்பது, சிடி ஸ்கேன், தேவையானால் இரண்டு அட்ரீனல்களின் ரத்தக்குழாய்களிலிருந்தும் தனித்தனியாக ரத்தம் எடுப்பது. ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் அந்தச் சுரப்பியைச் சிறு துளை வழியாக எடுத்துவிடலாம். பலருக்கு ரத்த அழுத்த மாத்திரை குறைகிறது, சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் என்றால் ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும். எதுவாக இருந்தாலும், சிகிச்சை தொடங்கியதும் சிரப்பை நிறுத்துவது பற்றி உடனே கேளுங்கள். நோயுள்ள சுரப்பியை எடுத்தபின், இத்தனை காலம் அடங்கிக் கிடந்த மறுபக்கச் சுரப்பி விழித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் பொட்டாசியம் ஏறிவிடும் வாய்ப்பு உண்டு.

ரத்த அழுத்தம் உள்ள எல்லோரும் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று 2025இல் வந்த அமெரிக்க எண்டோகிரைன் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது. அதனால் யாரும் சந்தேகப்படாமல் வருடக்கணக்கில் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். உங்களுக்கு அந்த 3.1 தெரியவந்ததும், அதை ஒரு மருத்துவர் கவனித்துப் பிடித்ததும் நல்ல விஷயம்.

அறிக்கை வந்ததும் மூன்று எண்களை எழுதி அனுப்புங்கள்: அல்டோஸ்டிரோன், ரெனின், அதே ரத்தத்தில் பார்த்த பொட்டாசியம். அலகுகளையும் சேர்த்து எழுதுங்கள்; லேபுக்கு லேப் அவை மாறும்.